குதிக்காத பாட்டு

முதல் தடவை ரெக்கார்டு ஊசி குதித்தபோது அந்த மண்டபத்தில் நாற்பது பேர் ஆடிக்கொண்டிருந்தார்கள். கடைசித் தடவை குதித்தபோது ஒரே ஒருத்திதான் நடந்துகொண்டிருந்தாள். அவள் தோளில் மூன்று மாதக் குழந்தை சாய்ந்திருந்தது. நாற்பதுக்கும் ஒன்றுக்கும் நடுவில் ஏழு மாதம். அந்த ஏழு மாதமும் எல்லாரும் ஊசியைத்தான் திட்டினார்கள். ஊசிக்குச் சொந்தக்காரரும் சேர்ந்துகொண்டு திட்டினார்.

அவருக்குப் பெயரும் ஊசிதான். பெற்றவர்கள் வைத்த பெயர் வேறு, அது ஆஸ்பத்திரிச் சீட்டில் மட்டும் இருந்தது. வாரத்தில் ஆறு நாள் அவர் துணி தைக்கிற தொழிற்சாலையில் மெஷின் மெக்கானிக். அறுபது தையல் மெஷின் வரிசையாக ஓடும் கூடம் அது. எந்த மூலையில் எது மக்கர் பண்ணினாலும் ஊசி அண்ணனைக் கூப்பிடு என்பார்கள். ஞாயிற்றுக்கிழமை மதியம் மட்டும் அவர் டிஜே. கறுப்பு ரெக்கார்டில் ஊசியை இறக்கி, ஒரு பாட்டின் வால் முடிவதற்குள் அடுத்த பாட்டின் தலையைக் கொண்டுவந்து ஒட்டி, ஆடுகிறவர்கள் கால் நிற்காமல் பார்த்துக்கொள்வது வேலை. இருபத்திரண்டு வருஷமாகச் செய்தார். இரண்டு இடத்திலும் ஊசியை நம்பியே பிழைத்ததால் பெயர் ஒட்டிக்கொண்டது.

தொழிற்சாலையில் அவருக்கு ஒரு பழக்கம் உண்டு. ஊசி உடைந்துவிட்டது என்று யாராவது வந்து சொன்னால் ஊசியைத் தொடவே மாட்டார். முதலில் தரையில் குந்தி, மேசையின் நாலு காலையும் பிடித்து ஆட்டிப் பார்ப்பார். ஊசி தானாக உடையாது, கீழே எதுவோ ஆடுகிறது, அதைத் தேடு என்பார். தைக்கிற பெண்கள், ஊசி அண்ணன் மெஷினுக்குக் கால் பிடித்துவிடுகிறார் என்று சிரிப்பார்கள். சிரித்தாலும், அவர் சொன்ன இடத்தில்தான் கோளாறு இருக்கும்.

ஞாயிற்றுக்கிழமை மட்டும் அந்தப் பழக்கத்தை வீட்டிலேயே விட்டுவிட்டு வந்தார்.

மண்டபம் ஒரு பழைய கிடங்குக்கு மேல் இருந்தது. நீளமான மரத்தளம், இந்தப் பக்கம் ஐந்து ஜன்னல், அந்தப் பக்கம் ஐந்து ஜன்னல், கோடியில் முழங்கால் உயர மேடை. சுவரை ஒட்டி ஏறும் மாடிப்படி. கீழே சோபாக் கடை. மண்டபத்தைப் பார்த்துக்கொண்டவர் ஒரு மேனேஜர். வருஷம் பூராவும் ஜலதோஷம் பிடித்த மனிதர். எதைச் சொன்னாலும் மூக்கை உறிஞ்சிவிட்டு, பார்க்கலாம் என்பார். பார்த்ததில்லை.

அந்த முதல் தடவை, இளவட்டங்கள் நாற்பது பேரும் பாட்டு உச்சத்துக்கு ஏறும் வரிக்கு ஒன்றாக எழும்பிக் குதித்தார்கள். அவர்கள் கால் தரைக்கு வந்த நேரத்தில் ரெக்கார்டு பிளேயரின் ஊசி எகிறி, பாடிய வரிக்கே திரும்பியது. மறுபடி எகிறி, மறுபடி அதே வரி. பாட்டுக்காரி விக்கல் எடுத்த மாதிரி ஒரே சொல்லைச் சொல்லிக்கொண்டிருந்தாள். கூட்டம் சிரித்தது. ஒரு பையன், அக்காவுக்குத் தண்ணி குடுங்க என்றான். ஊசிக்கு முகம் சிவந்துவிட்டது. இருபத்திரண்டு வருஷத்தில் அவர் கையில் பாட்டு அப்படி நின்றதே இல்லை.

அன்றைக்குச் சிரிக்காத ஒரே ஆள் அவருடைய மாப்பிள்ளை. அவர் சிரிப்பை வீடு வரைக்கும் சேமித்து வைத்திருந்தார்.

மாப்பிள்ளையும் டிஜேதான். ரேடியோக் கடையில் வேலை, ஓய்வு நாளில் பாட்டு. ஆள் நல்ல கனம். படியேறி வந்தால் வருகிறார் என்று இரண்டு நிமிஷம் முன்னாலேயே தெரியும். அவரிடம் சிடி பிளேயர் இரண்டு இருந்தது. முந்நூறு பாட்டை ஒரு கைப்பையில் போட்டுத் தூக்கி வருவார். மாமனாரோ நாலு பெட்டி ரெக்கார்டை ஆள் வைத்து ஏற்ற வேண்டும். சோற்றுக்கு உட்கார்ந்தால் இருவருக்கும் அதுதான் பேச்சு. ரெக்கார்டில் விரல் வைத்துப் பாட்டைப் பிடிக்கலாம், சிடியில் பித்தானைத்தானே அமுக்குகிறாய், நீ டிஜேயா லிஃப்ட் ஆபரேட்டரா என்பார் மாமனார். உங்க ரெக்கார்டு தும்மினால் கூடக் குதிக்கும், நானாவது ஜலதோஷத்திலும் வேலை பார்ப்பேன் என்பார் மாப்பிள்ளை. மகள் நடுவில் உட்கார்ந்து, ரெண்டு பேரும் சாப்பிட்டுவிட்டுச் சண்டை போடுங்க என்பாள். அவளுக்கு அப்போது வயிற்றில் மூன்று மாதம்.

குதித்த நாள் இரவுச் சாப்பாட்டில் மாப்பிள்ளை சிடி பிளேயரின் பெருமையை விளக்கினார்.

“மாமா, இது பத்து செகண்டுப் பாட்டை முன்னாலேயே முழுங்கி வயித்துல வச்சுக்கும். நீங்க மேசையைத் தூக்கிக் கீழ போட்டாலும் அது பாட்டுக்குப் பாடும்.”

“மேசையைத் தூக்கிப் போட்டது அதுக்குத் தெரியவே தெரியாதா மாப்பிள்ளை?”

“தெரியாது. தெரிஞ்சு என்ன ஆகப்போகுது?”

மாமனார் எரிச்சலில் ஒரு பழைய நாணயத்தைத் தேடி எடுத்து, அடுத்த ஞாயிற்றுக்கிழமை ஊசித் தலையின் மேல் ஒட்டினார். கனம் ஏறினால் ஊசி பள்ளத்தை விட்டு எழாது. அந்த வாரம் குதிக்கவில்லை. அதற்கடுத்த வாரமும் இல்லை. மூன்றாம் வாரம் முப்பது பேருக்கே குதித்தது. பிளேயருக்கு அடியில் பஞ்சு வைத்தார். ஒரு மாதம் ஓடியது. பிறகு இருபது பேருக்குக் குதித்தது. தெருவில் நடைபாதைக்குப் போடும் சிமெண்டுப் பலகை இரண்டைத் தூக்கிவந்து மேசைக்கு அடியில் போட்டார். மேனேஜர் மூக்கை உறிஞ்சிக்கொண்டு, என்னய்யா வீடு கட்டப்போறீரா என்றார்.

ஒவ்வொரு மருந்துக்கும் கொஞ்ச நாள் அடங்கியது. ஒவ்வொரு தடவையும் முன்னைவிடக் குறைந்த ஆட்களுக்குக் குதித்தது. அதை அவர் கவனித்தார். வயசாகிவிட்டது, கை நடுங்குகிறது, ரெக்கார்டைச் சரியாக வைக்கவில்லை என்று அர்த்தம் பண்ணிக்கொண்டார்.

கண்ணில் பட்டது அது மட்டுமில்லை. ஒரு வாரம் மேடையில் வைத்திருந்த ரெக்கார்டு உறைகள் மேல் செங்கல் தூள் படிந்திருந்தது. கேட்டதற்கு மேனேஜர், கீழே கடையைப் பெரிசாக்குகிறார்கள், குறுக்கே சும்மா நின்ற ஒரு சுவரை எடுத்துவிட்டார்கள் என்றார். இன்னொரு வாரம் கழிவறைக் கதவு மூடவில்லை. அடுத்த வாரம், ஒரு சின்னப் பெண் கைதவறி விட்ட பந்து யாரும் தள்ளாமல் மெதுவாக உருண்டு, மூன்றாவது ஜன்னலுக்கு நேராகப் போய் நின்றது. எடுத்துத் தள்ளி வைத்தாள். மறுபடி அங்கேயே போனது. பந்துக்கு ஜன்னலைப் பிடித்திருக்கிறது என்று குழந்தை சொன்னதற்கு ஊசியும் சிரித்தார். கூல்டிரிங்ஸ் பாட்டில்கள் அலமாரியில் ஒன்றோடொன்று கிணுகிணுத்தன. அதையும் கேட்டார். ஹெட்போனை மாட்டிக்கொண்டார்.

கீழே சோபாக்காரரைப் பார்க்கும்போதெல்லாம் அவர் ஒரு பீரோவைப் பற்றிப் புலம்புவார். கடை நடுவில் நிற்கும் பெரிய மர பீரோ, கதவு திறக்க மாட்டேன் என்கிறது, ஈரத்தில் மரம் ஊதிவிட்டது என்பார். அப்படியானால் வெளியே வெயிலில் போடுங்களேன் என்று ஊசி ஒருநாள் சொன்னார். சோபாக்காரர் அவரை ஒரு மாதிரியாகப் பார்த்துவிட்டு உள்ளே போய்விட்டார்.

குழந்தை இரண்டு மாதம் முன்னாலேயே பிறந்துவிட்டது. இரண்டு கைப்பிடி அளவுதான் இருந்தாள். நாற்பத்தோரு நாள் ஆஸ்பத்திரியில் கண்ணாடிப் பெட்டிக்குள் வைத்திருந்தார்கள். பக்கத்தில் ஒரு கருவி அவள் நெஞ்சு அடிப்பதை எண்ணி டிக் டிக் என்று சொல்லிக்கொண்டே இருக்கும். அந்தச் சத்தம் சில சமயம் நின்றுவிடும். நர்சுகள் ஓடிவருவார்கள். ஒயர் நழுவியிருக்கும், அவ்வளவுதான். ஆனால் ஓடிவருகிற அந்த நாலைந்து நொடியில் மகளுக்கு உயிர் போய்த் திரும்பும். ஊசி மாலையில் தொழிற்சாலையிலிருந்து நேராக அங்கே போவார். எண்ணெய்க் கையைத் தேய்த்துத் தேய்த்துக் கழுவிவிட்டு, கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, தன்னிடம் இருந்த பழைய புல்லாங்குழல் ரெக்கார்டின் மெட்டை மூக்கால் முனகுவார். பேத்தி கண்ணை மூடிக்கொண்டே வாயைக் கோணுவாள். அது சிரிப்புதான் என்று அவர் வார்டு முழுக்கச் சொல்லிவைத்திருந்தார். சிட்டு என்று கூப்பிட்டதும் அவர்தான்.

சிட்டு வீட்டுக்கு வந்து, தேறி, கன்னம் வைத்ததும், எல்லாரையும் கூப்பிட்டு ஒரு விருந்து வைத்துக் குழந்தையைக் காட்டிவிடலாம் என்று முடிவானது. நூற்றிருபது பேர். ஞாயிறு மதியம் மூன்று மணி. இடம் அதே மண்டபம். பாட்டு யார் என்பதுதான் பாக்கி.

விருந்துக்கு இரண்டு வாரம் முன்னால் ஒரு பந்தயம் வைத்தார்கள். மேடையில் மாமனாரின் பிளேயர் ஒரு பக்கம், மாப்பிள்ளையின் சிடி ஒரு பக்கம். ஒரே பாட்டு. கீழே சொந்தக்காரப் பிள்ளைகள் பத்துப் பேர் குதிக்க வேண்டும். குதித்தார்கள். நாணயம், பஞ்சு, சிமெண்டுப் பலகை எல்லாம் இருந்தும் ஊசி எகிறி ரெக்கார்டின் குறுக்கே கீறிக்கொண்டு போய் விழுந்தது. சிடி ஒரு எழுத்துக்கூட விடாமல் பாடியது. மாப்பிள்ளை கேலி செய்யவில்லை. அது இன்னும் வலித்தது.

கூட்டம் கலைந்ததும் மகள் அவர் பக்கத்தில் மேடை விளிம்பில் வந்து உட்கார்ந்தாள்.

“அப்பா, அன்னைக்கு ஒரு நாள் பாட்டு நடுவுல நிக்கக் கூடாதுப்பா. சத்தம் பட்டுன்னு நின்னா எனக்கு அந்தக் கண்ணாடிப் பெட்டிதான் ஞாபகம் வருது.”

அவர் அவள் தலையைத் தடவினார். சிடியே இருக்கட்டும் என்றார். அன்றைக்கே சிமெண்டுப் பலகையைத் தூக்கிக் கீழே கொண்டுபோனார். ஊசித் தலையிலிருந்து நாணயத்தை நகத்தால் சுரண்டி எடுத்தார். பிளேயரும் நாலு பெட்டியும் மேடையிலேயே ஒரு ஓரமாக இருந்தன. வீட்டில் வைக்க இடம் இல்லை. தொட்டில் வந்துவிட்டது.

விருந்து நாள். மதியம் இரண்டரை. சொந்தக்காரர்கள் பதினைந்து பேர் நாற்காலி போட்டுக்கொண்டிருந்தார்கள். மாப்பிள்ளை சிடியைச் சன்னமாக ஓடவிட்டிருந்தார். சிட்டு சிணுங்கினாள். மகள் அவளைத் தோளில் போட்டு, ஜன்னல் ஓரமாக மண்டபத்தின் நீளத்துக்கு நடந்து நடந்து தட்டினாள். அதைப் பார்த்ததும் ஊசிக்கு ஆசை வந்துவிட்டது. விருந்தாளிகள் வருவதற்கு முன்னால் அந்தப் புல்லாங்குழலை ஒரே ஒரு தடவை போட்டுவிடலாமா, கண்ணாடிக்கு வெளியே நின்று முனகியதை நிஜமாகவே கேட்கட்டுமே என்று மாப்பிள்ளையிடம் கேட்டார். மாப்பிள்ளை பெருந்தன்மையாகச் சிடிப் பக்கத்துச் சத்தத்தை மூடிவிட்டு, ஆகட்டும் மாமா, தாத்தா கச்சேரி என்றார்.

வெறும் மேசை. நாணயம் இல்லை, பஞ்சு இல்லை. ஊசி இறங்கியது. புல்லாங்குழல் எழுந்தது. சிட்டு சிணுங்கலை நிறுத்தினாள்.

மகள் முதல் ஜன்னலைத் தாண்டினாள். இரண்டாவதைத் தாண்டினாள். மூன்றாவது ஜன்னலுக்கு நேராக அவள் கால் வைத்தபோது ஊசி குதித்தது. அவள் நாலாவது, ஐந்தாவது வரைக்கும் போய்த் திரும்பினாள். ஒழுங்காகப் பாடியது. மூன்றாவது ஜன்னல். ஊசி குதித்தது.

அவள் செருப்புப் போட்டிருக்கவில்லை. பிள்ளை பெற்று இளைத்த உடம்பு. தோளில் இருந்த குழந்தை இரண்டு செம்புத் தண்ணீர் கனம்.

ஊசி இந்தத் தடவை பிளேயரைப் பார்க்கவில்லை. அந்த ஏழு மாதத்தில் முதல் தடவையாகக் கீழே பார்த்தார். மேடையிலிருந்து இறங்கி, தொழிற்சாலையில் செய்கிற மாதிரி குந்தி, உள்ளங்கையைத் தரையில் வைத்தார். பலகைகள் மூன்றாவது ஜன்னல் பக்கம் சரிந்து போயிருந்தன. கன்னத்தைத் தரையில் வைத்துப் பார்த்தபோதுதான் சரிவு தெரிந்தது. பந்துக்கு அது எப்போதோ தெரிந்திருக்கிறது.

“கண்ணு, அப்படியே சுவர் ஓரமா வா. மெதுவா. திரும்பி அங்க போகாதே.”

ஏன் என்று கேட்டுக்கொண்டே அவள் வந்தாள். அவளையும் குழந்தையையும் படிக்கட்டு வாசலில் நிறுத்திவிட்டு, தரை போய்விட்டது, விருந்தை இங்கே வைக்க முடியாது, எல்லாரும் கீழே இறங்குங்கள் என்றார்.

பதினைந்து பேரும் அவரைப் பார்த்தார்கள். பிறகு ஒருவரை ஒருவர் பார்த்தார்கள். பந்தயத்தில் தோற்றது எல்லாருக்கும் தெரியும். ஒரு சித்தப்பா, ஊசிக்கு இன்னும் மனசு ஆறலை போல என்று நாற்காலியிடம் சொல்வது மாதிரி சொன்னார். மாப்பிள்ளையின் முகம் இறுகிவிட்டது.

“மாமா, நீங்களே போடுங்க, நான் ஓரமா உக்காந்துக்கறேன். பிள்ளை விருந்தை நிறுத்தறதுக்கு இப்படி ஒரு வழியா?”

சத்தியம் பண்ணினால் நம்ப மாட்டார்கள், கத்தினால் இன்னும் நம்ப மாட்டார்கள். ஊசி மேடைக்குப் போனார். சுற்றிக்கொண்டிருந்த ரெக்கார்டை விரலால் நிறுத்தி, மோட்டாரை அணைத்தார். நின்ற ரெக்கார்டின் மேல் ஊசியை அப்படியே விட்டுவிட்டு, சத்தக் குமிழை முழுக்கத் திருகினார். சும்மா நிற்கும் ரெக்கார்டில் ஊசி இருந்தால் பாட்டு வராது. மேசை எதைக் கேட்கிறதோ அது வரும்.

முதலில் காற்று மாதிரி ஒரு இரைச்சல். அவ்வளவுதான்.

“மாப்பிள்ளை, மூணாவது ஜன்னல் வரைக்கும் வேண்டாம். ரெண்டாவது வரைக்கும் மட்டும் நடங்க.”

மாப்பிள்ளை கோபத்தோடு நடந்தார். இரண்டு பெரிய ஸ்பீக்கரிலிருந்தும் ஒரு முனகல் வந்தது. நோயாளியைப் புரட்டிப் படுக்க வைக்கும்போது வருகிற மாதிரி, அடிவயிற்றிலிருந்து. அடுத்த அடிக்கு மரம் பிளக்கிற கிறீச். அதற்கடுத்த அடிக்கு, எங்கேயோ ஆழத்தில், பட் பட் என்று ஆணி பிடுங்கிக்கொள்கிற சத்தம். மாப்பிள்ளை காலைத் தூக்கினவர் வைக்காமல் நின்றார்.

அவர் நின்ற பிறகும் ஸ்பீக்கரில் அது நிற்கவில்லை.

அதற்கு மேல் யாருக்கும் எதையும் விளக்க வேண்டியிருக்கவில்லை. ஓடக் கூடாது, நடு மண்டபத்தில் கால் வைக்கக் கூடாது, சுவரை ஒட்டி ஒருவர் பின் ஒருவராக, பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு போங்கள் என்றார். சித்தப்பா நாற்காலியைத் தொடாமல் பூனை மாதிரிப் போனார். ஊசி ரெக்கார்டுப் பக்கத்துச் சத்தத்தை மூடிவிட்டு சிடிப் பக்கத்தைத் திறந்துவிட்டார். பாட்டு நின்றால் தெருவில் வந்து நிற்கும் விருந்தாளிகள் என்னவோ ஏதோவென்று மேலே ஓடிவருவார்கள். மேலே தரை போய்க்கொண்டிருப்பது தெரியாமல் சிடி உற்சாகமாகப் பாட ஆரம்பித்தது. மாப்பிள்ளை கைக்கு எட்டிய இன்னொரு சிடி பிளேயரை மார்போடு அணைத்துக்கொண்டு படிக்குப் போனார். கடைசியாக இறங்கியவர் ஊசி. அவர் மனைவி படியில் காத்து நின்றாள்.

“ரெக்கார்டெல்லாம்?”

“இருக்கட்டும் வா.”

தெருவில் பரிசுப் பொட்டலத்தோடு ஆட்கள் வந்து சேர்ந்துகொண்டிருந்தார்கள். மனைவி நேராக சோபாக் கடைக்குள் போனாள். அங்கே ஒரு புருஷன் பெண்டாட்டி நாற்காலியில் உட்கார்ந்து அழுத்தி அழுத்திப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். இதைவிட நல்லது தெரு முனையில் இருக்கிறது, வாங்க காட்டறேன் என்று கையைப் பிடித்து வெளியே கூட்டிவந்துவிட்டாள். சோபாக்காரர் பின்னாலேயே சண்டைக்கு வந்தார்.

ஊசி கடை வாசலில் நின்று உள்ளே பார்த்தார். அந்தப் பீரோ நடுவில் நின்றது. மேல் பாதியைத் திரை போட்டு மறைத்திருந்தது. திரைக்குக் கீழே தெரிந்த கால்கள் வில் மாதிரி வளைந்திருந்தன. கதவுப் பலகை வயிறு தள்ளியிருந்தது.

“திரையை விலக்குங்க.”

சோபாக்காரர் விலக்கவில்லை. காற்றில் அதுவே கொஞ்சம் விலகியது. பீரோவின் தலைக்கும் மேலே இருந்த உத்திரத்துக்கும் நடுவில் மூன்று மரக்கட்டை ஆப்பு அடித்து வைத்திருந்தது. மண்டபத்தில் மூன்றாவது ஜன்னல் அதற்கு நேர் மேலே.

“கதவு திறக்காம இருந்தது இதனாலதானா?”

“ஈரம்னு சொன்னேனே,” என்றார் சோபாக்காரர். அவர் வாய்தான் சொன்னது. கண் உத்திரத்தில் இருந்தது.

மேனேஜர் சாவிக்கொத்தோடு வந்தார். எல்லாம் கேட்டுவிட்டு, மூக்கை உறிஞ்சி, மேலே பாட்டு நல்லாத்தானே பாடிக்கொண்டிருக்கிறது என்றார். விருந்தாளிகளும் அண்ணாந்து பார்த்தார்கள். திறந்த ஜன்னல்கள் வழியாகப் பாட்டு வெயிலில் தெளிவாக, ஒரு சுணக்கமும் இல்லாமல் வந்துகொண்டிருந்தது. சிலருக்குச் சந்தேகம் வந்துவிட்டது. பிள்ளைகளுக்குப் பசிக்கிறது, மேலே சாப்பாடு ஆறுகிறது, ஓரமாக உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டு வந்துவிடலாமே என்று இரண்டு பேர் படியில் கால் வைத்தார்கள். படியை அடைத்துக்கொண்டு நின்றவர் மாப்பிள்ளை. சிடி பிளேயரை இன்னும் இறக்கவில்லை.

“அது நல்லாத்தான் பாடும்,” என்றார். “எங்க மாமா சொன்னா இறங்குங்க.”

மேனேஜர் தீயணைப்புக்காரர்களுக்குப் போன் பண்ணப் போனார். பார்க்கலாம் என்று சொல்லாமல் போனார். ஊசி எல்லாரையும் எதிர்ச் சாரிக்கு நகர்த்தினார். கூட்டத்தை நகர்த்துகிற மும்முரத்தில் சோபாக்காரரை யாரும் கவனிக்கவில்லை. ஷட்டர் பாதி இறங்கியிருந்ததை ஊசி பார்த்தபோது, அதன் அடியிலிருந்து ஒரு கயிறு விறைப்பாகத் தெருவுக்கு வந்திருந்தது. கயிற்றின் மறுநுனியைக் கையில் சுற்றிக்கொண்டு, நடைபாதையில் குதிகாலை ஊன்றி, சோபாக்காரர் இழுத்துக்கொண்டிருந்தார். அதிகாரிகள் வருவதற்குள் பீரோ அந்த இடத்தில் இருக்கக் கூடாது.

உள்ளே போய்த் தள்ளியிருக்கலாம். அவர் தெருவில் நின்று கயிறு கட்டித்தான் இழுத்தார். ஏழு மாதமாக அவருக்கு எல்லாமே தெரிந்திருக்கிறது என்பது ஊசிக்கு அந்தக் கயிற்றைப் பார்த்துத்தான் புரிந்தது.

வேண்டாம் என்று சொல்ல வாயைத் திறந்தார். அதற்குள் பீரோவின் கால் ஒன்று மடங்கிய சத்தம் கேட்டது.

மேலே பாட்டுக்காரி ஒரு நீண்ட சொல்லை இழுத்துக்கொண்டிருந்தாள். அதில் நடுக்கம் இல்லை, விக்கல் இல்லை. மூன்றாவது ஜன்னல் சட்டத்தோடு உள்ளே மடங்கியது. அப்போதும் பாடினாள். இரண்டாவதும் நாலாவதும் ஒன்றை ஒன்று பார்த்துக்கொள்வது மாதிரி சாய்ந்தன. அப்போதும் பாடினாள். கடைசி எழுத்து வரைக்கும் ஒழுங்காகப் பாடி, பிறகு இல்லாமல் போனாள். அதற்குப் பிறகுதான் சத்தம் வந்தது, பிறகு தூசி, நூற்றிருபது பேரும் ஒரே நிறமாகும் வரைக்கும்.

சத்தம் நின்றதும் மகள் கையைக் குழந்தையின் மூக்குக்குக் கீழே வைத்துப் பார்த்தாள். மூச்சு வந்தது. சிட்டு அப்பாவின் கைக்குட்டையால் முகத்தை மூடியிருந்தபடியே தூங்கிக்கொண்டிருந்தாள்.

சோபாக்காரர் நடைபாதையில் உட்கார்ந்திருந்தார். தலை முதல் கால் வரைக்கும் வெள்ளை. கயிறு இன்னும் கையில் சுற்றியிருந்தது, அந்த முனையில் எதுவும் இல்லை. யாரும் அவர் பக்கத்தில் போகவில்லை. ஊசியின் மனைவி மட்டும் ஒரு டம்ளர் தண்ணீர் கொண்டுபோய்த் தரையில் வைத்துவிட்டுத் திரும்பி வந்தாள்.

நாலு பெட்டி ரெக்கார்டும் போய்விட்டன. இடிபாட்டைக் கிளறியவர்கள் கறுப்புச் சில்லு கொஞ்சம் கொண்டுவந்து கொடுத்தார்கள். மாப்பிள்ளை எங்கெங்கோ விசாரித்து அந்தப் புல்லாங்குழலைச் சிடியில் தேடிப் பிடித்து, ஒரு வார்த்தையும் கேலி பேசாமல், மாமனார் கையில் கொடுத்தார். சாயங்காலம் சிட்டுவைத் தொட்டிலில் போட்டுவிட்டு அதைத்தான் வைப்பார்கள். குழல் சுத்தமாகப் பாடும். தேய்ந்த ரெக்கார்டில் இருந்த கரகரப்பு கூட இல்லை.

“எப்படி இருக்கு மாமா?”

“நல்லா இருக்கு மாப்பிள்ளை. ரொம்ப நல்லா இருக்கு.”

சொல்லிக்கொண்டே அவர் நாற்காலியை விட்டு இறங்கித் தொட்டிலுக்குப் பக்கத்தில் தரையில் உட்காருவார். பேத்திக்குப் பக்கத்தில் இருக்கத்தான் உட்காருகிறார் என்று வீட்டில் எல்லாரும் நினைத்துக்கொண்டார்கள். பாட்டு முடிகிற வரைக்கும் அவருடைய உள்ளங்கை தரையில்தான் இருக்கும்.